பதினேழாம் பெட்டி

எட்டு மணிக்குத்தான் விடிந்தது.
நார்வே பக்கமிருந்து காற்று, தென்கிழக்கு.
ஓஸ்லா கதவைத் திறந்து, மூக்கைச் சுளித்து,
"இன்றைக்கு ஆள் வரும்" என்றாள்.
ஆள் என்றால் இங்கே பறவை.
மனிதர் வந்தால்
படகு வந்தது என்போம்.

கற்சுவர் நெடுக நடந்தோம்.
இடுக்குக்கு இடுக்கு ஏதோ துடித்தது.
பொன்னுச்சிச் சிட்டுகள்!
இரவெல்லாம் கடல்மேல் வந்த களைப்பில்
புல்லில், செம்மறியின் முதுகில்,
என் பூட்ஸ் நுனியில் இறங்கி
பூச்சி தேடின, நான் மரம் என்பதுபோல.
இந்தத் தீவில் மரமே கிடையாது.
அவற்றின் பிழையை நான் திருத்தவில்லை.

வலைக்கூண்டின் கோடியில் முதல் பறவை.
துணிப்பையில் போட்ட பிறகும்
பை காலியாகத்தான் தொங்கியது.
பழைய ஃபிலிம் டப்பாவில் தலைகீழாய்ச் செருகி
தராசில் வைத்தேன். நாலரை கிராம்.
கடிதம் எழுதும் தாள்கூட இதைவிடக் கனக்கும்.
வளையத்தின் எண்ணை நான் சொல்லச் சொல்ல
மேக்னி எழுதினான்.
இறக்கை ஐம்பத்து நான்கு மில்லிமீட்டர்.
கொழுப்பு, பூஜ்யம்.
பூஜ்யத்தோடு வந்து சேர்ந்திருக்கிறது.
கையை விரித்தேன். போகவில்லை.
சூட்டுக்கு அங்கேயே சற்று உட்கார்ந்துவிட்டு
கோழிக்கூண்டுப் பக்கம் போயிற்று.

பதினோரு மணி.
படகுத்துறைக்குப் போன மேக்னி
ஓடி வந்தான். மேக்னி ஓடி நான் பார்த்ததில்லை.

துறையருகே பதினேழாம் பெட்டி.
உள்ளே சாக்லேட் மணக்கும் மெழுகுக் கட்டி.
விஷமில்லை, வெறும் மெழுகு.
எலி கரையேறினால் அதைக் கடிக்கும்,
கடித்தால் நமக்குத் தெரியும், அவ்வளவுதான்.
ஆறு வருடமாக வழவழவென்று இருந்தது.
இன்று பல் தடம்.

யாரும் பேசவில்லை.
ஒரு சினை எலி போதும்.
சுவர்ப் பொந்துகளில் இன்னும் பறக்காத
புயல்குருவிக் குஞ்சுகள் கிடக்கின்றன.
காய்ச்சல் வந்த கோடையில்
செத்த ஸ்குவாக்களைக் கோணியில் பொறுக்கியவர்கள் நாங்கள்.
இன்னொரு முறை அது எங்களால் ஆகாது.

வலைகளைச் சுருட்டினோம்.
செவ்வாய்க்கிழமைப் படகில் வந்த வைக்கோல் கட்டுகளை
ஒன்று விடாமல் பிரித்தோம்.
படகுக்காரர் லவ்ரி, தன் படகில் எலியா என்று
தொலைபேசியில் கத்தினார்,
பிறகு தணிந்த குரலில், கயிறு அறையைப் பார்க்கிறேன் என்றார்.
முப்பது பொறிகள் வைத்தோம்.
மதியச் சூப் அடுப்பிலேயே ஆறியது.
வெளியே அறுநூறு சிட்டுகள்
எண்ண ஆளில்லாமல் மேய்ந்தன.

நான்கு மணிக்கு ஓஸ்லா
கட்டியை ஜன்னலோரம் கொண்டுபோய்
பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள்.
நெடுநேரம் பார்த்தாள்.
அவள் தோள் குலுங்கியது.
அழுகிறாளென்று கிட்டப் போனேன்.
"தடம் எவ்வளவு அகலம், பார்" என்றாள்,
"நடுவிலே ஒரு பல் இல்லை."

தீவின் பள்ளியில் மூன்றே பிள்ளைகள்.
முன்பல் விழுந்தவன் ஒருவன்தான்.
ராஸ்மி, வயது ஆறு, மறுக்கவே இல்லை.
"அது சாக்லேட் மாதிரியே இல்லை" என்று
எங்கள்மேல்தான் குறைப்பட்டான்.
பூட்டிய பெட்டியை எப்படித் திறந்தாய் என்று கேட்க
யாருக்கும் வாய் வரவில்லை. சிரித்துக்கொண்டிருந்தோம்.

இரவு எட்டுக்குக் கணக்கு வாசிப்பு.
ஓஸ்லா பெயர் சொல்ல, கண்டவர் எண் சொல்வோம்.
தகைவிலான்? ஒன்று, கூட்டத்தைத் தவறவிட்டது.
கல்திருப்பி உள்ளான்? நாற்பத்திரண்டு.
நெட்டைக்காலி? பதினெட்டு, இல்லை, பத்தொன்பது.
பொன்னுச்சிச் சிட்டு?
ஆளுக்கொரு எண் சொன்னோம். காலைக் கணக்கே நின்றது.
கடைசி வரியில் அவளே எழுதினாள்:
மனிதன், இளம்பருவம், ஒன்று.
இடம், பதினேழாம் பெட்டி.

பறவைகள் வெளிச்சத்துக்கு வந்து மோதாதிருக்க
எல்லா ஜன்னலுக்கும் திரை இழுத்தோம்.
மெழுகு மாற்றும் முறை என்னுடையது.
சிவப்பு விளக்கோடு துறைக்கு இறங்கினேன்.
வழியில் சுவருக்குள் ஒரு குஞ்சு முனகியது,
தன் பாட்டுக்கு.

புதுக் கட்டியின் உறையைப் பிரித்து
முகர்ந்து பார்த்தேன்.
அவனைச் சொல்லிக் குற்றமில்லை.